விவாதம்: கருவிலேயே குழந்தையைத் தேர்ந்தெடுப்பதில் என்ன தவறு?

கேள்வி, 2025 ஆகஸ்ட் 2 (ஒரு வாசகர்)

அமெரிக்காவில் ஐவிஎஃப் (உடலுக்கு வெளியே ஆய்வகத்தில் உருவாக்கும்) கருக்களின் மரபணுவைப் படித்து, எது உயரமாக வளரும், எதற்குச் சர்க்கரை நோய் வரக்கூடும், எது படிப்பில் சுட்டியாக இருக்கும் என்று மதிப்பெண் போட்டுத் தருகிறார்கள். பெற்றோர் விரும்பிய கருவை எடுத்துக்கொள்ளலாம். நாம் நீட் கோச்சிங்குக்கு லட்சங்களைக் கொட்டுகிறோம். அதே காசைக் கொஞ்சம் முன்னாலேயே செலவழித்தால் என்ன தவறு? யாருக்கும் கெடுதல் இல்லை. பெற்றோரின் பணம், பெற்றோரின் பிள்ளை, பெற்றோரின் முடிவு. இதில் சட்டத்துக்கு என்ன வேலை?

ஆகஸ்ட் 3, இரவு

"யாருக்கும் கெடுதல் இல்லை." இதே வாக்கியத்தைப் பல வருடம் கேட்டிருக்கிறேன். சேலம் மாவட்டத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் எனக்குப் பதிவு மேசை வேலை. கர்ப்பிணி வந்தால் சட்டப்படி படிவம் எஃப் என்ற தாளை நிரப்ப வேண்டும். பெயர், வயது, கணவர் பெயர், எதற்காக ஸ்கேன், உயிரோடு இருக்கும் பிள்ளைகளில் ஆண் எத்தனை, பெண் எத்தனை. அந்தக் கட்டத்தை நிரப்பும்போதே எனக்குத் தெரிந்துவிடும், இவர்கள் கிளம்புவதற்கு முன் என்னை ஓரமாகக் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று. பெண் இரண்டு, ஆண் இல்லை என்றால் கூப்பிடுவார்கள்.

கூப்பிடுபவர் அநேகமாகக் கர்ப்பிணியாக இருக்க மாட்டார். மாமியார், இல்லாவிட்டால் கணவரின் அக்கா. "டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லம்மா, யாருக்கு என்ன நஷ்டம்?" என்பார்கள். அவர்கள் தலைக்கு மேலேயே பலகை தொங்கும்: கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கு தெரிவிக்கப்பட மாட்டாது, அது தண்டனைக்குரிய குற்றம். கருவின் பாலினத்தை அறிய விரும்பவில்லை என்று படிவத்தில் அந்தப் பெண்ணே கையெழுத்துப் போட்டிருப்பாள். அறிய விரும்புகிறவர்கள் பக்கத்தில் நின்று, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று அவளுக்கு விரல் வைத்துக் காட்டுவார்கள்.

எனவே இதை ஏதோ வரப்போகிற காலத்துப் பிரச்சினை போலப் பேச வேண்டாம். கருவில் ஒரு குணத்தைப் பார்த்து வேண்டும், வேண்டாம் என்று பிரிக்கும் பரிசோதனையை இந்த நாடு அரை நூற்றாண்டாக நடத்தியிருக்கிறது. முடிவுகள் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அச்சாகியிருக்கின்றன.

ஆகஸ்ட் 3, மேலே உள்ளதன் தொடர்ச்சி

எப்படித் தொடங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1975 வாக்கில் டெல்லி எய்ம்ஸில் பனிக்குட நீரை எடுத்துக் கருவின் குறைபாடுகளைக் கண்டறியும் சோதனை வந்தது. நோயைக் கண்டுபிடிக்க வந்த ஊசி. வந்தவர்களில் பலர் கேட்டதோ, ஆணா பெண்ணா என்று. அரசு மருத்துவமனைகளில் அதற்குத் தடை போட்டார்கள். உடனே தனியார் எடுத்துக்கொண்டார்கள். இன்று சில நூறு ரூபாய் செலவழித்தால் நாளை வரதட்சணையில் எத்தனையோ ஆயிரம் மிச்சம் என்ற பொருளில் விளம்பரமே செய்தார்கள். 1988இல் மகாராஷ்டிரம் பாலினச் சோதனைக்கு எதிரான முதல் சட்டத்தைக் கொண்டுவந்தது. மத்திய அரசின் சட்டம் 1994இல் நிறைவேறி 1996இல் அமலுக்கு வந்தது. வந்தும் தூங்கியது. 2000இல் செஹத், மாசும் என்ற இரு அமைப்புகளும் டாக்டர் சாபு ஜார்ஜும் உச்ச நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் மாநிலங்கள் ஸ்கேன் இயந்திரங்களை ஒழுங்காகக் கணக்கெடுக்கத் தொடங்கின.

ஆறு வயதுக்கு உட்பட்டவர்களில் 1000 ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள்: 1991இல் 945, 2001இல் 927, 2011இல் 918. இந்தக் கணக்கில் ஒவ்வொரு குடும்பமும் தனக்கு மட்டும்தான் முடிவெடுத்தது. பெற்றோரின் பணம், பெற்றோரின் பிள்ளை.

ஆகஸ்ட் 5

"அது கருக்கலைப்பு, இது கருத்தேர்வு, இரண்டையும் குழப்புகிறீர்கள்" என்று ஒருவர். குழப்பவில்லை. ஐவிஎஃப் கருவில் ஆணை மட்டும் பொறுக்கிக் கருப்பைக்குள் வைக்கலாம், அதில் கலைப்பே இல்லை. அதைத்தான் 1994 சட்டத்தின் 2003 திருத்தம் தடுத்தது. கருத்தரிப்புக்கு முந்தைய தேர்வையும் சேர்த்துச் சட்டத்தின் பெயரையே மாற்றினார்கள். செயற்கைக் கருத்தரிப்பை ஒழுங்குபடுத்தும் 2021 சட்டம் இன்னும் தெளிவு: ஏற்கெனவே தெரிந்த பரம்பரை நோய்களுக்காக மட்டுமே கருவைச் சோதிக்கலாம். பாலினத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது, அந்த வசதி உண்டு என்று மருத்துவமனை விளம்பரம் செய்தாலே ஐந்திலிருந்து பத்து ஆண்டு வரை சிறை அல்லது பத்து லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். ஆகவே கேள்வி கேட்டவர் விரும்பும் உயரம், படிப்பு மதிப்பெண் எதுவும் இந்தியாவில் சட்டப்படி நடக்காது. சட்டப்படி.

ஆகஸ்ட் 6

ஒரு திருத்தம், என்னுடையது அல்ல. வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுப்போகச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தொடங்கியதாக வேறொருவர் இங்கே எழுதியிருக்கிறார். தொடங்கியது 1992, சேலத்தில். ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது. 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரிக்கு விரிந்தது.

எங்கள் மாவட்டத்தின் எண்களையும் சொல்கிறேன். 2001இல் சேலத்தில் 1000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகள். 2011இல் அது 900ஐத் தாண்டியது. நாங்கள் எல்லோரும் பெருமைப்பட்டோம். அதே பத்து ஆண்டில் கடலூர் 957இலிருந்து 896க்கு இறங்கியது. கடலூருக்கு அதற்கு முன் இந்த விஷயத்தில் கெட்ட பெயரே கிடையாது. கள்ளிப்பாலும் நெல்லும் கொடுத்துப் பெண் சிசுவைக் கொல்லும் பழக்கமில்லாத ஊர்களுக்கு ஸ்கேன் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு எனக்கு வேறு விளக்கம் தோன்றவில்லை. கையில் ரத்தம் படாத வழி ஒன்று கிடைத்ததும், அதுவரை செய்யாதவர்களும் செய்கிறார்கள். அமெரிக்க மதிப்பெண் அட்டையைப் பார்த்து நான் பயப்படுவது இதனால்தான். சுத்தமாக இருக்கிறது, வலி இல்லை, நல்லவர்களும் செய்யலாம்.

ஆகஸ்ட் 9, சனி

என்னைப் பற்றி ஒன்று சொல்லாமல் மேலே போவது நேர்மை இல்லை. பதிவு மேசைக்காரி என்று மட்டும் சொல்லிக்கொண்டு நீதிபதி போல எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என் தங்கை மகனுக்கு டூசென் தசைச்சிதைவு. ஐந்து வயதில் அடிக்கடி விழுந்தான். தரையிலிருந்து எழும்போது தன் தொடையிலேயே கை ஊன்றி ஏறுவான். கெண்டைக்கால் மட்டும் பயில்வான் போலப் பருத்திருக்கும். பார்த்தவர்கள் எல்லோரும் நல்ல ஊட்டம் என்றார்கள். தசை சிதைவதைக் காட்டும் சிகே என்ற நொதியின் அளவு ரத்தத்தில் ஆயிரக்கணக்கில் வந்தது. மரபணுச் சோதனையில் டிஸ்ட்ரோஃபின் மரபணுவில் ஒரு துண்டு இல்லை என்று தெரிந்தது. இது பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு வரும் நோய், எக்ஸ் குரோமோசோம் வழியாக. மூன்றில் ஒரு பங்கு பேருக்குப் புதிதாகவே மாற்றம் நேர்கிறது, தாயிடமிருந்து வருவதில்லை. என் தங்கை கேரியர், அதாவது நோய் இல்லாமல் அந்த மாற்றத்தை மட்டும் சுமப்பவள். அதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அவள் மாமியார் "உங்கள் வீட்டு ரத்தம்" என்று ஆரம்பித்தார்.

இரண்டாவது முறை உண்டானபோது பதினோராவது வாரத்தில் நஞ்சுத்திசு, அதாவது நஞ்சுக்கொடியின் சிறு துணுக்கு, எடுத்துச் சோதித்தோம். இதற்குச் சட்டத்தில் இடம் உண்டு: பாலினத்தோடு பிணைந்த பரம்பரை நோய் என்றால் சோதிக்கலாம். ரிப்போர்ட் வந்தது. ஆண், அதே துண்டு இல்லை. கலைத்தோம்.

"கலைத்தோம்" என்று எழுதியிருக்கிறேன், பாருங்கள். கலைத்தது என் தங்கையின் உடம்பில். முடிவெடுத்தது கூடத்தில் உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேர், அதில் நானும் ஒருத்தி. ஆண் பிள்ளை வேண்டும் என்று முதல் பிரசவத்தின்போது திருப்பதிக்கு நேர்ந்துகொண்ட அதே மாமியார்தான் இந்த முறை முதலில் "வேண்டாம்" என்றார். பிறகொரு நாள் தங்கை சொன்னாள்: "எனக்கும் வேண்டாம் என்றுதான் இருந்தது அக்கா. ஆனால் என்னைக் கேட்டிருக்கலாம்."

நான் இதைத் தவறு என்று சொல்லவில்லை. இன்னொரு முறை வந்தாலும் அதையேதான் சொல்வேன். அதனால்தான் மேலே எழுதியதையெல்லாம் மறுபடி படித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 10

குங்குமப்பூ பற்றி யாரும் இன்னும் பேசவில்லையே என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏழாம் மாதம் பாலில் கலந்து குடித்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும். கருவில் குணத்தைத் தேர்ந்தெடுக்கும் ஆசையில் நம்மவர்கள் அமெரிக்காவுக்குப் பின்னால் இல்லை. குங்குமப்பூவின் ஒரே நற்குணம், அது வேலை செய்யாது.

ஆகஸ்ட் 14

மதிப்பெண் விஷயத்துக்கு வருகிறேன். கேள்வி கேட்டவர் அதை வேலை செய்கிற பொருளாகவே எடுத்துக்கொண்டு பேசுகிறார்.

ஆர்க்கிட் என்ற அமெரிக்க நிறுவனம் 2025இல் ஒரு கருவுக்கு 2,500 டாலர் வாங்கி முழு மரபணுவையும் படித்துத் தந்தது. நியூக்ளியஸ் என்ற இன்னொன்று 2025 ஜூன் மாதம் 5,999 டாலருக்குக் கருக்களை ஒப்பிடும் சேவையை அறிவித்தது. ஒற்றை மரபணு நோயைக் கண்டுபிடிப்பது வேறு. அது என் தங்கைக்குச் செய்தது போல உண்டு, இல்லை என்ற கேள்வி. உயரமும் அறிவும் ஆயிரக்கணக்கான இடங்களில் உள்ள சின்னச் சின்ன வேறுபாடுகளின் கூட்டல். அந்தக் கூட்டுத்தொகை பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவிலிருந்து செய்தது. நம்மைப் போன்றவர்களுக்கு இன்னும் மோசமாகப் பொருந்தும்.

2019இல் ஜெருசலேம் ஹீப்ரூ பல்கலைக்கழகத்தின் ஷாய் கார்மியும் சகாக்களும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். பத்துக் கருக்களில் சிறந்ததைப் பொறுக்கினால் சராசரியைவிட உயரத்தில் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர், ஐக்யூவில் ஏறக்குறைய இரண்டரைப் புள்ளி. இதைவிட எனக்குப் பிடித்தது அவர்கள் செய்த இன்னொரு காரியம். நிறையப் பிள்ளைகள் பெற்று, பிள்ளைகள் எல்லோரும் வளர்ந்துவிட்ட 28 குடும்பங்களை எடுத்தார்கள். ஒவ்வொரு குடும்பத்திலும் உயர மதிப்பெண்ணில் முதலில் வந்தவர்தான் உண்மையிலேயே வீட்டில் நெட்டையா என்று பார்த்தார்கள். ஏழு குடும்பங்களில் மட்டுமே ஆமாம்.

நீட் கோச்சிங் இதைவிடத் தேவலை. குறைந்தபட்சம் பிள்ளை பாதியில் வீட்டுக்கு ஓடி வரலாம்.

ஒரே பெற்றோரின் நாலைந்து கருக்களில் ஒன்றை எடுப்பதற்குத்தான் இவ்வளவும். ஐவிஎஃப்பில் ஒரு சுற்றுக்குப் பத்து நல்ல கரு கிடைப்பதே அபூர்வம். அதற்கும் முன்னால் அந்தப் பெண் போட்டுக்கொள்ளும் ஹார்மோன் ஊசிகள் விளம்பரத்தில் வருவதில்லை.

ஆகஸ்ட் 14, கொஞ்ச நேரம் கழித்து

ஆனால் இது பலவீனமான வாதம். இன்று வேலை செய்யவில்லை என்பது, நாளை செய்தாலும் கூடாது என்பதற்குக் காரணம் ஆகாது. பாலினச் சோதனை நன்றாகவே வேலை செய்தது. துல்லியம் கூடக் கூடத்தான் நாட்டின் எண் இறங்கியது.

ஆகஸ்ட் 17

தங்கை மகன் இந்த இழையைப் படித்துவிட்டான். பி.காம் மூன்றாம் வருடம், சக்கர நாற்காலியில் இருந்தபடி தொலைதூரக் கல்வி. போனில் கூப்பிட்டான். அவன் சொன்னதை அவன் அனுமதியோடு எழுதுகிறேன்.

"பெரியம்மா, என்னை வைத்து இரண்டு பக்கமும் வாதம் செய்யாதீர்கள். நான் இருக்கிறேன் என்பதால் சோதனை தவறு என்று ஒருவர் சொல்வார். நான் கஷ்டப்படுகிறேன் என்பதால் சோதனை சரி என்று இன்னொருவர் சொல்வார். என் கஷ்டத்தைப் பார்த்தவர் யாரும் அங்கே எழுதவில்லை."

அந்த இரண்டாவது கருவைப் பற்றிக் கேட்டேன். கேட்கலாமா என்று தயங்கித்தான் கேட்டேன். அவன் தயங்கவில்லை. "அப்போது அம்மா நாற்பத்திரண்டு கிலோ. என்னைத் தூக்கிக் கழிப்பறைக்குக் கொண்டுபோக அவளை விட்டால் ஆள் இல்லை. இன்னொருவன் வந்திருந்தால் என் பங்கில் பாதி போயிருக்கும். சுயநலம்தான். ஏன், நடக்க முடியாதவனுக்குச் சுயநலம் இருக்கக் கூடாதா?"

அமெரிக்க மதிப்பெண் அட்டையைப் பற்றிச் சொன்னபோது மட்டும் குரல் மாறியது. "பிறப்பதற்கு முன்பே ரேங்க் கார்டு வந்துவிட்டால், பிறந்த பிறகு அந்த வீட்டில் என்ன பேசுவார்கள்? இவ்வளவு காசு கொடுத்து உன்னை எடுத்தோம் என்பார்கள். நான் நல்லவேளை, யாரும் எடுக்காமல் வந்தேன்."

ஆகஸ்ட் 18

நோயைத் தவிர்ப்பது சரி, குணத்தைத் தேர்வது தவறு என்று கோடு போட்டால் போதும் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். நானும் அங்கேதான் நின்றிருந்தேன். அந்தக் கோட்டின் மேல் நடந்து பாருங்கள்.

கருப்பைக்குள் வைப்பதற்கு முன் கருவைச் சோதித்துத் தேர்ந்தெடுத்த முதல் நிகழ்வு 1990இல், லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில், ஆலன் ஹேண்டிசைட் குழுவினர் செய்தது. அவர்கள் சோதித்தது என்ன தெரியுமா? ஆணா பெண்ணா என்றுதான். எக்ஸ் குரோமோசோம் வழி நோய் உள்ள குடும்பங்கள். ஆண் கருவுக்கு நோய் வரலாம் என்பதால் பெண் கருக்களை மட்டும் வைத்தார்கள். அந்த ஆண் கருக்களில் பாதிக்கு நோயே இருந்திருக்காது. இந்தத் தொழில்நுட்பத்தின் முதல் படியே பாலினத் தேர்வு. காரணம் மட்டும் வேறு.

சட்டம் காரணத்தை வைத்துப் பிரிக்கிறது. மேசையில் உட்கார்ந்திருப்பவளுக்குக் காரணம் தெரியாது. படிவத்தில் எழுதிய காரணம்தான் தெரியும்.

காது கேளாமை நோயா, குணமா? அமெரிக்காவில் இருபது ஆண்டுகளுக்கு முன் காது கேளாத இரு பெண்கள், தங்களைப் போலவே ஒரு பிள்ளை வேண்டும் என்று, குடும்பத்தில் தலைமுறைகளாகக் காது கேளாமை உள்ள நண்பரிடம் விந்து பெற்றுப் பிள்ளை பெற்றுக்கொண்டார்கள். உலகமே திட்டியது. அதன் பின் பிரிட்டன் 2008 சட்டத்தில், குறைபாடு உள்ள கருவை விரும்பித் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று எழுதியது. காது கேளாதோர் அமைப்புகள் கொதித்தன. எங்களைப் போன்றவர்கள் பிறப்பதைச் சட்டமே இரண்டாந்தரம் என்கிறதா என்று கேட்டார்கள். எனக்கு அந்தப் பெண்கள் செய்ததில் உடன்பாடு இல்லை. ஆனால் அவர்கள் கேட்ட கேள்விக்குப் பதிலும் இல்லை.

ஆகஸ்ட் 24

கல்யாணத்துக்கு முன்பே ரத்தம் பார்த்துவிட்டால் இந்தக் கருவறைப் பஞ்சாயத்தே வேண்டாமே என்கிறார் நீலகிரிக்காரர் ஒருவர். நியாயமான யோசனை. சைப்ரஸில் தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகைக்கு அப்படித்தான் செய்தார்கள். கல்யாணத்துக்கு முன் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும் என்று அங்குள்ள தேவாலயம் கேட்டது. முடிவு என்னவானாலும் கல்யாணத்தைத் தடுக்கவில்லை. இருவரும் கேரியர் என்று தெரிந்தவர்களில் பெரும்பாலோர் கல்யாணத்தை நிறுத்தவில்லை, கர்ப்பத்தில் சோதித்துக்கொண்டார்கள். தலசீமியாவோடு பிறக்கும் குழந்தைகள் கிட்டத்தட்ட இல்லாமலே போனார்கள். ஆகப் பஞ்சாயத்து கருவறைக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

கிரேக்கத்தில் ஓர்கோமெனோஸ் என்ற ஊரில் 1970களில் அரிவாள் செல் நோய் (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையும் பரம்பரை நோய்) சோதனைக்காக ஊர் மக்களிடம் ரத்தம் எடுத்தார்கள். கேரியர் என்று தெரிந்தவர்கள், கல்யாணச் சந்தையில் விலை போகாமல் போவோம் என்று மறைத்தார்கள்.

இங்கே 2023 ஜூலையில் மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் அரிவாள் செல் ஒழிப்புத் திட்டத்தைப் பிரதமர் தொடங்கி வைத்தார். ஏழு கோடிப் பேரைச் சோதிப்பது இலக்கு. ஆளுக்கொரு கார்டு தருகிறார்கள், கல்யாணத்துக்கு முன் இருவர் கார்டையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். கூடலூர்ப் பக்கம் பணியர், குறும்பர், இருளர் சமூகங்களில் இந்த நோய் நிஜமாகவே உண்டு. சோதனை வேண்டும்தான். நான் கேட்பது ஒன்றே: பெண் பார்க்க வரும்போது மாப்பிள்ளை தன் கார்டை எடுத்து நீட்டுவானா, பெண்ணின் கார்டை மட்டும் கேட்பார்களா?

இதைக் கேட்க எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. என் மகளுக்கு வரன் பார்க்கிறோம். தங்கை கேரியர் என்றால் நானும் இருக்கலாம், அவளும் இருக்கலாம். இத்தனை வருடமாக நான் சோதித்துக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 25

மகளிடம் பேசினேன். "நீ முதலில் எடு. உனக்கு இல்லை என்றால் எனக்குத் தேவையே இல்லை" என்றாள். கணக்கு சரி.

செப்டம்பர் 2

சிங்கப்பூர் வாசகர் ஒருவர் அங்குள்ள பழைய கதையை நினைவூட்டியிருக்கிறார். 1984இல் பட்டதாரித் தாய்மார்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை கொடுத்தார்கள். படிப்புக் குறைந்த ஏழைத் தாய்மார்கள் ஒன்றிரண்டு பிள்ளைகளோடு குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டால் 10,000 வெள்ளி. அறிவு பரம்பரையாக வருகிறது என்று அப்போதைய பிரதமர் லீ குவான் யூ நம்பினார். பட்டதாரிப் பெண்களே கோபப்பட்டார்கள். அந்த வருடத் தேர்தலில் ஆளுங்கட்சிக்கு வாக்குகள் சரிந்தன, மறுவருடம் பள்ளிச் சலுகையைக் கைவிட்டார்கள்.

அது அரசு கட்டாயப்படுத்தியது, இது தனிமனித விருப்பம், ஒப்பிடாதீர்கள் என்று அடுத்து யாராவது எழுதுவீர்கள். எங்கள் மாவட்டத்தில் பெண் கருவைக் கலைக்கச் சொல்லி எந்த அரசும் ஆணை போடவில்லை.

செப்டம்பர் 3

சீன விஞ்ஞானி ஹே ஜியான்குய் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்கிறார்கள். 2018 நவம்பரில் கருவின் சிசிஆர்5 மரபணுவை வெட்டி, எச்ஐவி தொற்றாத இரட்டைக் குழந்தைகளை உருவாக்கியதாக அறிவித்தார். மூன்றாண்டு சிறைக்குப் போனார். எச்ஐவி தொற்று உள்ள தகப்பனுக்குத் தொற்றில்லாத பிள்ளை பிறக்க, விந்தைக் கழுவிப் பயன்படுத்தும் எளிய முறை ஏற்கெனவே இருந்தது. பெரிய அறிவியல் என்பதைவிடப் பெரிய விளம்பரம். எனக்கு அதில் ஆர்வமில்லை. மரபணுவை வெட்டுவது எல்லோரையும் பயமுறுத்துகிறது. பொறுக்குவது யாரையும் பயமுறுத்தவில்லை. நாட்டில் நடந்ததெல்லாம் பொறுக்கல்தான்.

செப்டம்பர் 7

சட்டத்தால் எதுவும் நடக்காது என்று சலித்துக்கொள்பவர்களுக்குத் தென் கொரியா. அங்கே கருவின் பாலினத்தைச் சொல்லக் கூடாது என்று 1987இல் தடை வந்தது. 1990இல் 100 பெண் குழந்தைகளுக்கு 116.5 ஆண் குழந்தைகள் பிறந்தன. தடை போட்டபின் ஏறியிருக்கிறது, கவனியுங்கள். 2007 வாக்கில் அது இயல்பு நிலைக்குத் திரும்பிவிட்டது. 2024 பிப்ரவரியில் 32 வாரத்துக்கு முன் பாலினத்தைச் சொல்லத் தடை விதிக்கும் பிரிவையே அந்த நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் ரத்து செய்தது. ஆண் பிள்ளை மோகம் போய்விட்டது, இனி தடைக்குத் தேவையில்லை என்று.

இடையில் என்ன நடந்தது? பெண்கள் வேலைக்குப் போனார்கள், தனியாகச் சம்பாதித்தார்கள், குடும்பச் சட்டம் மாறியது, வயதான பெற்றோரை மகனும் மருமகளும்தான் பார்க்க வேண்டும் என்ற நிலை தளர்ந்தது. பெண் பிள்ளை நஷ்டம் இல்லை என்றான பிறகு யாரும் ஸ்கேன் அறைக்கு வெளியே நின்று கெஞ்சவில்லை.

இங்கேயும் சட்டத்தை எடுத்துவிடலாம் என்று நான் சொல்வதாக யாரும் படிக்க வேண்டாம். அந்தப் பலகை இல்லாவிட்டால் என்னிடம் ஒரு பதிலும் இருந்திருக்காது. "சட்டம்மா, ஜெயிலுக்குப் போக வேண்டும்" என்று கையை விரிப்பேன். பக்கத்தில் நிற்கும் கர்ப்பிணியின் முகத்தில் சில நேரம் ஒரு தெம்பு தெரியும். அவளால் வீட்டில் சொல்ல முடியாததை நான் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 13

கொரியாவை எழுதிய பிறகு வேறொன்று மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. பெண் பிள்ளையின் விலையை உயர்த்தினால் தேர்வு தானாகக் குறைகிறது என்றால், என் தங்கை வீட்டுக் கணக்கும் அதுதானே?

தசைச்சிதைவு உள்ளவர்களுக்குத் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை தருகிறது, 1,500இலிருந்து உயர்த்தினார்கள். நன்றியோடுதான் வாங்குகிறோம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் தசைச்சிதைவும் ஒன்று. அமெரிக்காவில் 2023இல் அனுமதி பெற்ற மரபணு மருந்தின் விலை ஏறக்குறைய 32 லட்சம் டாலர். அதை விடுங்கள், அது எங்கள் ஊருக்கு வராது. அவன் படித்த பள்ளியில் எட்டாம் வகுப்பு மாடியில் இருந்தது. வகுப்பைக் கீழே மாற்றுங்கள் என்று தங்கை தலைமை ஆசிரியரிடம் போய் நின்றாள். "ஒரு பையனுக்காக எப்படியம்மா?" என்றார்கள். அந்த வருடம் முழுக்க அவள்தான் முதுகில் தூக்கிப் போனாள். அந்தப் படிக்கட்டு இல்லாமல், தூக்க ஓர் ஆள் அரசுச் சம்பளத்தில் இருந்திருந்தால், கூடத்தில் உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேரும் அன்று அவ்வளவு சுலபமாகத் தலையாட்டியிருப்போமா? ஆட்டியிருக்கலாம். அவள் ஆட்டியிருக்க மாட்டாளோ என்னவோ. அவளிடம் கேட்கவில்லையே.

சோதனையைத் தடை செய்யச் சொல்லவில்லை. சோதனைக்குக் காசு தரும் திட்டத்தோடு, பிறந்துவிட்டவனுக்குச் சாய்தளமும் ஆளும் தரும் திட்டமும் ஒரே கோப்பில் வர வேண்டும். ஒன்று மட்டும் வந்தால் ரிப்போர்ட் வருவதற்கு முன்பே முடிவு எழுதியாகிவிட்டது என்று பொருள்.

செப்டம்பர் 21

என் ரிப்போர்ட் வந்தது. எனக்கு அந்த மாற்றம் இல்லை. ஆகவே மகளுக்கும் இல்லை.

மூச்சு விட்டேன். அதற்கப்புறம்தான் அந்த மூச்சு உறுத்தியது. என் தோளில் ஏறி வளர்ந்த பிள்ளை அவன். அவனைப் போல இன்னொருவன் என் வீட்டில் பிறக்க மாட்டான் என்று தெரிந்ததும் எனக்கு இவ்வளவு ஆறுதல். அவனிடமே சொன்னேன். "எனக்கும் சந்தோஷம்தான் பெரியம்மா. அக்கா கல்யாணத்தில் இந்தப் பேச்சு வராது பாருங்கள்" என்றான். மண்டபத்தில் லிஃப்ட் இருக்கிறதா என்று இப்போதே பார்த்து வைக்கச் சொன்னான்.

அக்டோபர் 5

தர்மபுரியிலிருந்து ஒருவர் தனியாகக் கேட்டிருக்கிறார்: என் அக்கா மகனுக்கு இதே நோய், என் மனைவி உண்டாகியிருக்கிறார், என்ன செய்வது? மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

முதலில், உங்கள் அக்கா மகன் உங்கள் வழி உறவு. நீங்கள் ஆண், உங்களுக்கு நோய் இல்லை. ஆகவே உங்கள் எக்ஸ் குரோமோசோமில் அந்த மாற்றம் இல்லை. உங்கள் மனைவி வேறு குடும்பம் என்றால் உங்கள் பிள்ளைக்குக் கூடுதல் ஆபத்து கிடையாது. அவர் உங்கள் அக்கா மகளாகவோ, தாய்வழிச் சொந்தமாகவோ இருந்தால் மட்டுமே கேள்வி. நம் பக்கம் அது சாதாரணம் என்பதால் கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம்.

அப்படி இருந்தால், நோயுள்ள பையனுக்கு எந்தத் துண்டு இல்லை என்ற மரபணு ரிப்போர்ட் முதலில் வேண்டும். அது இல்லாமல் கருவில் எதைத் தேடுவது என்றே ஆய்வகத்துக்குத் தெரியாது. பிறகு மனைவிக்கு ரத்தச் சோதனை. அவர் கேரியர் என்றால்தான் நஞ்சுத்திசுச் சோதனை. அதற்குப் பதினொன்றிலிருந்து பதின்மூன்றாவது வாரம் சரியான காலம், ரிப்போர்ட்டுக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். பதிவு பெற்ற மரபணு மருத்துவமனையில் மட்டும் செய்யுங்கள். படிவம் எஃப் அங்கேயும் உண்டு. ஆலோசகர் அறைக்குள் மனைவி கொஞ்ச நேரம் தனியாகப் போகட்டும், நீங்கள் வெளியே இருங்கள். பையனின் ரிப்போர்ட் நகல் இருக்கிறதா என்று இன்றே அக்காவிடம் கேளுங்கள். தொலைந்திருந்தால் சோதனை செய்த ஆய்வகத்தில் கேட்டுப் பாருங்கள், பழைய பதிவு எண் இருந்தால் தேடுவது சுலபம்.